சின்சில்லாவுக்குத் திராட்சை வேண்டாம்

நம்பிக்கை: தினமும் ஓர் உலர் திராட்சை கொடுத்தால் ஒன்றும் ஆகாது, அதுவே ஆசையாக ஓடிவந்து தின்கிறதே!

உண்மை: ஆசைப்பட்டுத் தின்பதெல்லாம் உடம்புக்கு ஏற்றதாகிவிடாது. கொறிக்கும் பிராணியான சின்சில்லாவின் பூர்வீகம் ஆண்டிஸ் மலைத்தொடர். இன்று காட்டில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சிலி நாட்டின் வறண்ட சரிவுகளில்தான் வாழ்கின்றன. அங்கே கிடைப்பது சொரசொரப்பான புல்லும் புதர் இலையும் மரப்பட்டையும். அந்த நார்ச்சத்தைப் பெருங்குடல்வாயில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல நொதிக்க வைக்கின்றன. உலர் திராட்சையிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை. அது குடலில் சேர்ந்தால் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து வாயு பெருகும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது. அரைக் கிலோ எடையுள்ள உடம்பில் வயிறு உப்பிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாழைப்பழம், பேரீச்சை, தேன் தடவிய தின்பண்டம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

நம்பிக்கை: பாதாம், வேர்க்கடலை, சூரியகாந்தி விதை சத்தானவை.

உண்மை: மனிதருக்குச் சத்து. கொழுப்பைச் செரிக்கப் பழகாத இந்தப் பிராணிக்குக் கல்லீரல் கெடும். ஒன்றுகூட வேண்டாம்.

நம்பிக்கை: கடிக்க மரக்கட்டை போட்டுவிட்டால் பல் தானாகத் தேயும்.

உண்மை: பாதிதான் சரி. கட்டையைக் கடிப்பதால் தேய்வது முன்பற்கள். சின்சில்லாவின் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. கடைவாய்ப் பற்கள் தேய வேண்டுமானால் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து மணிக்கணக்கில் புல் மெல்ல வேண்டும். தேயாத மேல்தாடைப் பல்லின் வேர் மேல்நோக்கி வளர்ந்து கண்ணை அழுத்தக்கூடும். கண்ணில் நீர் வடிந்தாலோ, முகவாய்க்கட்டை ஈரமாகவே இருந்தாலோ, எடுத்த புல்லைக் கீழே போட்டாலோ சந்தேகப்படுங்கள். ஆரோக்கியமான முன்பல் ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும், அது அழுக்கல்ல. வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆகவே திமோத்தி போன்ற உலர்புல் கூண்டில் எந்நேரமும் இருக்கட்டும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம். அது குட்டிகளுக்கும் சினையானவற்றுக்கும் பாலூட்டுபவற்றுக்கும்தான். புல் வகையில் செய்த பெல்லட் நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். விதையும் வண்ணத் துண்டுகளும் கலந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும்.

நம்பிக்கை: தன் எச்சத்தையே தின்கிறது என்றால் பசியோடு இருக்கிறது.

உண்மை: இல்லை. மென்மையான ஒருவகை எச்சத்தை மறுபடி தின்றுதான் பி வைட்டமின்களையும் புரதத்தையும் பெறுகிறது. தடுக்காதீர்கள்.

ஏதாவது கொடுத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தடிக்காத ரோஜாவின் உலர்ந்த இதழ் ஒன்று, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் ஒரு சிட்டிகை, மருந்தடிக்காத ஆப்பிள் மரக்குச்சி: இவற்றில் ஏதேனும் ஒன்றை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கொடுக்கலாம். செர்ரி, பிளம், ஆப்ரிகாட் மரக்குச்சிகளில் சயனைடை வெளியிடும் சேர்மங்கள் உண்டு, தொடவே வேண்டாம். எந்தப் புது உணவையும் சில நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

சின்சில்லா அரை நாள் புல்லைத் தொடாமல் இருந்தாலோ, புழுக்கை போடுவது நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.