பொங்கலன்று தாத்தா ஏன் பேசவில்லை?

கேள்வி: என் தாத்தாவுக்கு 85 வயது. விக்கிரம வருஷம் ஆவணியில் பிறந்தவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். அப்பாயி இறந்து மூன்று வருஷமாகிறது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். பொங்கலுக்குப் பெரியப்பா, அத்தைகள், பேரன் பேத்திகள் என்று 25 பேர் ஊரில் கூடுவோம். மாட்டுப் பொங்கல் ராத்திரி தாத்தா திண்ணையில் உட்கார்ந்து புயல் கதை, போரடித்த கதை, நடந்தே போய் ராஜகோபாலசாமி கோயில் தேர் பார்த்த கதை என்று சொல்லிக்கொண்டே போவார். நேரம் போவதே தெரியாது.

இந்த வருஷம் அவர் வாயே திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து “கதை சொல்லுங்க தாத்தா” என்று கேட்டோம். சிரித்துவிட்டு, “என்னத்தம்மா சொல்றது” என்றார். அப்புறம் மெல்லப் புயல் கதையை ஆரம்பித்தார். “அது 52 இல்லப்பா, 77 புயல். இதையே எத்தனை தடவ சொல்லுவீங்க” என்றார் சித்தப்பா. தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை மாட்டுக் கொட்டகையில் நான் மட்டும் இருந்தபோது, இறந்துபோன தன் அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கிக் கண் கலங்கினார். நான் பயந்துபோய்ப் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது மறதி நோயின் அறிகுறியா? அவர் நினைவுகளைப் பதிவுசெய்ய ஆசை. எப்படித் தொடங்குவது? அழவைத்துவிடுவோமோ என்றும் பயமாக இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில் (முதியோர் மனநல ஆலோசகர்): உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 25 பேர் கேட்டபோது வராத பேச்சு, நீங்கள் ஒருவர் மட்டும் பக்கத்தில் நின்றபோது தானாக வந்திருக்கிறது. தாத்தாவிடம் நினைவு இருக்கிறது, சொல்லும் ஆசையும் இருக்கிறது. பண்டிகைக் கூட்டம்தான் அவருக்குத் தோதான இடமாக இல்லை.

முதலில் காதைக் கவனியுங்கள். வயதாகும்போது மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். குழந்தைகளின் குரல் அந்த வகை. தனியாகப் பேசினால் நன்றாகக் கேட்கிற பெரியவருக்கு, டிவியும் மிக்சியும் நாலு பேர் பேச்சும் கலந்த இரைச்சலில் ஒரு வாக்கியம்கூடப் பிடிபடாது. “என்ன? என்ன?” என்று எத்தனை தடவை கேட்பார்? கௌரவமாகச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். வீட்டில் உள்ளவர்கள் அதை மறதி என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். காதில் குரும்பி அடைத்திருந்தாலே கேட்பது குறைந்துவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, கேட்கும் திறன் சோதனையும் செய்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் தாத்தாவின் கதைக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் பாட்டிதான். “அந்தப் புயல்ல கோட்டகம் முழுக்கத் தண்ணி நின்னுச்சே, அதச் சொல்லுங்க” என்று அவர் தொடங்கி வைப்பார். மறந்துபோன பெயரை எடுத்துக் கொடுப்பார். உங்கள் அப்பாயி போன பிறகு அந்த வேலையை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இனி அது உங்கள் வேலை.

இப்போது மறதிக்கு வருவோம். வயதானவர்கள் பழையதைத் திரும்பத் திரும்பப் பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று மருத்துவர்களே ஒதுக்கிவைத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். வாழ்ந்த வாழ்க்கையை ஒருமுறை திரும்பப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது முதுமையின் இயல்பான மனவேலை என்றார் அவர். முதியவர்களிடம் பேச்சு கொடுத்தால் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வெளிவரும் என்பதும் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் கரையைப் புயல் தாக்கியபோது உங்கள் தாத்தா 12 வயதுப் பையன். அது அவரை விட்டுப் போகாது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. காபி குடித்த பத்தாவது நிமிஷம் “காபி குடிச்சேனா?” என்று கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, எப்போதும் சரியாகப் பார்க்கும் பணக்கணக்கில் தடுமாறுவது, சுபாவம் திடீரென்று மாறுவது. இவற்றில் எதுவும் தெரிந்தால் தள்ளிப்போடாமல் முதியோர் மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. முதியோர் நலன் குறித்த பொதுவான சந்தேகங்களுக்கு 14567 என்ற இலவச உதவி எண்ணையும் அழைக்கலாம்.

சித்தப்பா திருத்தியது பற்றி. உங்கள் பக்கம் 1952இலும் புயல் அடித்தது, 1977 நவம்பர் 12இலும் அடித்தது, 2018இல் கஜாவும் வந்தது. இரண்டு புயல்கள் ஒரே கதைக்குள் கலந்திருக்கலாம். மனித நினைவு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புதிதாகக் கட்டப்படுவது. அதனால் 30 வயதுக்காரருக்கும் இது நடக்கும். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள். திருத்தினால் கதை நின்றுவிடும், ஆண்டும் தெரியாது. சொல்லி முடித்த பிறகு ஒரு கேள்வி போடுங்கள்: “அன்னிக்கு நீங்க உங்க அப்பா தோள்ல இருந்தீங்களா, எங்கப்பா உங்க தோள்ல இருந்தாரா?” 52ஆ 77ஆ என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். “அப்ப அணாவா, நயா பைசாவா?” என்பதும் நல்ல கேள்வி. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. 1969இல் பொங்கலன்றுதான் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. அதற்கு முன்னா பின்னா என்றும் கேட்கலாம். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு பிறகு கணக்குப் போடுங்கள்.

சித்தப்பாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆசையோடு கேட்கும் கதையை அவர் வருஷம் முழுக்கக் கேட்கிறார். மருந்து கொடுப்பதும் குளிக்க வெந்நீர் வைப்பதும் அந்த வீடுதான். தனியாக அழைத்து, “நான் ரெக்கார்ட் பண்ணப் போறேன் சித்தப்பா, உங்களுக்குத் தெரிஞ்சதையும் சொல்லுங்க” என்று அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படித் தொடங்குவது? “கதை சொல்லுங்க” என்று சொன்னால் யாருக்குமே ஒன்றும் தோன்றாது. கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பரணில் பழைய மரக்கால் இருந்தால் துடைத்து எடுத்து வந்து, கொஞ்சம் நெல்லோடு அவர் முன்னால் வையுங்கள். பேசச் சொல்லாதீர்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள். விளிம்பைத் தடவிப் பார்ப்பார், குவித்து அள்ளுவார், முதல் அளவைக்கு ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று தொடங்குவார். களமும் போரும் அளந்தவர் பெயரும் அந்தக் கையோடு சேர்ந்தே வரும். 12 மரக்கால் ஒரு கலம் என்பது பொதுக் கணக்கு. மரக்காலுக்கு எத்தனை படி என்பதோ ஊருக்கு ஊர் மாறியது. உங்கள் ஊர்க் கணக்கை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். அந்தக் காலப் பொங்கலுக்கு அரிசி எந்த நெல்லில் குத்தியது? பானையை யார் அடுப்பில் ஏற்றுவார்கள்? அத்தைமாருக்குப் பொங்கல் சீர் யார், எதில் கொண்டு போனார்கள்? மாட்டுக்குக் கொம்பில் என்ன வர்ணம்? அவருக்கு ஏறக்குறைய 25 வயதிருக்கும்போது ஆடுதுறை 27 நெல் வந்தது. அதைப் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. அணை இல்லாத காலத்து ஆற்றுத் தண்ணீரைப் பற்றி அவருடைய அப்பா என்ன சொல்வார்?

வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள் பெயரையும் கேளுங்கள். அவர்களுக்குக் கூலி எவ்வளவு, பொங்கலன்று என்ன கொடுத்தார்கள், எங்கே நிற்கவைத்துக் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது அவருக்கு 28 வயது. அதற்குப் பின்னணியாக இருந்த கூலி நெல் போராட்டம் உங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் நடந்ததுதான். இதைக் கேட்டால் அவர் சற்று நேரம் பேசாமல் இருக்கலாம். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். குடும்ப நினைவு என்பது நம் வீட்டுப் பெருமை மட்டும் அல்ல.

நேரமும் முக்கியம். காலைப் பலகாரம் முடிந்த பிறகு அரைமணியோ முக்கால் மணியோ போதும். சாயங்காலம் வயதானவர்களுக்குச் சோர்வு கூடும். பதிவு செய்யலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவர் பக்கத்தில் துண்டின் மேல் வையுங்கள். எதிரே, முகம் தெரிய உட்காருங்கள். கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை போன்றவை வந்தால், “இதை யாரெல்லாம் கேட்கலாம் தாத்தா?” என்று கேட்டு, அவர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் பொருளும் பெயராக வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். பழைய போட்டோக்களைக் காட்டி, நிற்பவர்கள் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும்.

அழுகையைப் பற்றிப் பயப்படாதீர்கள். தன் அண்ணனுக்காக 85 வயதில் ஒருவர் கண் கலங்குவது நோய் அல்ல, பாசம். அந்த வீட்டில் அண்ணனை நேரில் அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பேச ஆள் கிடைக்காத துக்கம் அது. நீங்கள் பேச்சை மாற்றியபோது, இதைப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். அடுத்த முறை கையைப் பிடித்துக்கொண்டு, “பெரிய தாத்தா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று கேளுங்கள். சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தாலோ, “நான் இருந்து என்ன” என்று அடிக்கடி சொன்னாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பொங்கல் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கேட்டதைத் திருப்பிக் கொடுக்கும் இடம் அதுதான். டிவியை அணைத்துவிட்டு, சுவரை ஒட்டித் தாத்தாவை உட்காரவைத்து, அவர் பேசிய பதிவிலிருந்து ஐந்து நிமிஷம் எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்கள். பிறகு பேரப்பிள்ளைகளில் ஒருவர் மட்டும், பக்கத்தில் போய், ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்.

ஆனால் அதற்காக அடுத்த தை வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒரு சனி ஞாயிறு பார்த்து, யாரையும் கூட்டாமல், நீங்கள் மட்டும் ஊருக்குப் போய்வாருங்கள்.