இருபது கிராம் கோடு: கடிதம் நிறுக்க ஒரு சுருள்வில் தராசு

கடந்த ஆண்டு அக்டோபர் 9, உலக அஞ்சல் நாளை ஒட்டி எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 34 பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். வெளியூரில் இருக்கும் தாத்தாவுக்கு, அப்பத்தாவுக்கு, மாமாவுக்கு என்று அவரவர் விருப்பம். உறைகளை வாங்கி வந்தது நான்தான். எல்லா உறைகளிலும் 5 ரூபாய் தபால்தலை ஒட்டச் சொன்னதும் நான்தான். எந்த உறையையும் நிறுத்துப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மாணவி என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்க அப்பத்தா பத்து ரூவா குடுத்துத்தான் லெட்டர வாங்குனாங்களாம். நீ தலை ஒட்டலையான்னு கேக்குறாங்க" என்றாள். அவள் நான்கு தாள்களில் எழுதியிருந்தாள். வேறு இரண்டு கடிதங்கள் வாங்கப்படாமலே திரும்பி வந்தன. அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வகுப்பில் அளவீடுகள் பாடத்தை நடத்திவிட்டு, அளக்காமல் அனுப்பியவள் நான்.

அந்தத் தவற்றிலிருந்து பிறந்ததுதான் இந்தச் செயல்பாடு. நான்கு பாடவேளைகளில் முடிந்தது. ஒரு தராசுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை.

கணக்கு எங்கே தவறியது?

சாதாரணக் கடிதத்திற்கு முதல் 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அதன் பகுதிக்கும் இன்னொரு 5 ரூபாய். 21 கிராம் இருந்தாலும் 10 ரூபாய்த் தபால்தலை வேண்டும். குறைவாக ஒட்டினால் குறைந்த தொகையைப் போல இரு மடங்கைப் பெறுபவர் கட்ட வேண்டியிருக்கும். 5 ரூபாய் குறைந்தது. அப்பத்தா 10 ரூபாய் கொடுத்தார்.

முதல் பாடவேளையில் தராசே இல்லாமல் எடையைக் கணக்கிட்டோம். ஏ4 தாளின் அளவு 210 மி.மீ. × 297 மி.மீ. பரப்பு 0.06237 சதுர மீட்டர். தாள் கட்டின் மேலுறையில் 80 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்று பொருள். இரண்டையும் பெருக்கினால் ஒரு தாள் 4.99 கிராம், அதாவது ஏறத்தாழ 5 கிராம். 70 ஜி.எஸ்.எம். தாள் என்றால் 4.37 கிராம்.

நீள உறை ஒன்றே ஏறத்தாழ 5 கிராம் வரும். மூன்று தாள்களை உள்ளே வைத்தால் 20 கிராம் எல்லையில் நிற்கும். நான்கு வைத்தால் நிச்சயம் தாண்டும். "அப்ப மூணு தாள் வச்சவங்களுக்கு என்ன ஆகும் டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்குக் கணக்கால் பதில் சொல்ல முடியாது. பசையும் தபால்தலையும் சேர்ந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எடையால் கட்டணம் வந்த கதை

பிரிட்டனில் 1840க்கு முன் கடிதக் கட்டணத்தைத் தாள்களின் எண்ணிக்கையையும் தொலைவையும் வைத்துக் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் பெறுபவரே பணம் கட்டினார். ரோலண்ட் ஹில் கொண்டுவந்த சீர்திருத்தத்தால் 1840 முதல் அரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 14 கிராம் வரை ஒரு பென்னி என்றானது. கடிதம் நிறுக்கும் சிறு தராசுகள் வீட்டு மேசைகளுக்கு வந்தது அதன் பிறகுதான். இந்தியாவில் 1854 அக்டோபர் முதல் கால் தோலா வரை அரையணா என்று ஒரே சீரான கட்டணம் வந்தது. ஒரு தோலா 11.66 கிராம் என்றால் கால் தோலா 2.9 கிராம்தான். இன்றைய ஏ4 தாள் ஒன்றுகூட அந்த அரையணாவுக்குள் அடங்காது.

நம் காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் முன்னோர் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள். வீட்டுச் செய்தி முழுவதும் கடிதத்தில்தான் வந்து சேர்ந்தது. பழைய கடிதம் இருந்தால் வீட்டில் கேட்டுப் பார்த்து வாருங்கள் என்றேன். ஒரு மாணவன் கொண்டுவந்த கடிதத்தின் தாள் மறுபக்க எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லியது. ஏன் அப்படி என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோற்ற மூன்று வில்கள்

இரண்டாம் பாடவேளையில், எதை வில்லாகப் பயன்படுத்தலாம் என்று குழுக்களையே தேடச் சொன்னேன்.

முதல் குழு பால்பாயிண்ட் பேனாவின் வில்லைக் கொண்டுவந்தது. 20 கிராமுக்கு அது ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. மிகவும் விறைப்பானது.

இரண்டாம் குழு ரப்பர் பேண்டைத் தொங்கவிட்டது. நன்றாக நீண்டது. ஆனால் எடையைக் கூட்டிக்கொண்டே போகும்போது கிடைத்த அளவும், குறைத்துக்கொண்டே வரும்போது கிடைத்த அளவும் ஒத்துப்போகவில்லை. மதிய உணவு இடைவேளை வரை தொங்கவிட்டபோது இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்றாம் குழு கட்டுமான வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பியைப் பென்சிலில் சுற்றியது. பார்க்க அழகான சுருள். ஒரு முறை இழுத்ததும் இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இந்த மூன்று தோல்விகளையும் கரும்பலகையில் எழுதி, நமக்கு வேண்டிய வில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். சிறு எடைக்கும் கண்ணுக்குத் தெரியும்படி நீள வேண்டும். சமமான எடைக்குச் சமமாக நீள வேண்டும். எடையை எடுத்ததும் பழைய இடத்திற்குத் திரும்ப வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதியின் சாரமும் இதுதான்: மீட்சி எல்லைக்குள் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

செய்முறை

தேவையானவை: பழைய சைக்கிள் பிரேக் ஒயர், பென்சில், பரீட்சை அட்டை, துணி மாட்டும் கிளிப், ஈர்க்குச்சித் துண்டு, காகிதப் பட்டை, இரண்டு ரப்பர் பேண்டுகள், ஊசி நீக்கிய 5 மி.லி. சிரிஞ்சு, சிறு பாலித்தீன் பை.

1. சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பிரேக் ஒயரைக் கேட்டால் கொடுப்பார்கள். அதைப் பிரித்தால் மெல்லிய எஃகு இழைகள் கிடைக்கும். ஓர் இழையைக் கட்டிங் பிளேயரால் ஆசிரியரே வெட்ட வேண்டும். முனை கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். வெட்டிய உடனே முனைகளை மடக்கிவிடுங்கள்.

2. இழையை இறுக்கிப் பிடித்துப் பென்சிலின் மேல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். கையை விட்டதும் சுருள் சற்று விரியும். எங்களுக்கு 8 சுற்றுகள் போதுமானதாக இருந்தன. இரு முனைகளையும் கொக்கியாக வளைக்கவும்.

3. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் முதல் சில கிராம்களுக்கு வில் நீளாது. ஆகவே மெதுவாக இழுத்து, சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும்படி செய்யவும்.

4. பரீட்சை அட்டையை நிமிர்த்தி, அதன் மேல்முனையில் வில்லை மாட்டவும். வில்லின் கீழ்க் கொக்கியில் கிளிப்பையும், முள்ளாக ஈர்க்குச்சியையும் கட்டவும்.

5. முள்ளுக்குப் பின்னால் காகிதப் பட்டையை ரப்பர் பேண்டுகளால் அட்டையோடு பிடிக்கச் செய்யவும். ஒட்டிவிடக் கூடாது. பட்டை மேலும் கீழும் நகர வேண்டும். சுழிப்பிழையைச் சரிசெய்ய இந்த ஒரு வசதிதான் நமக்கு இருக்கிறது.

கோடு போடுவது எப்படி?

எடைக்கற்கள் இல்லை. நாணயங்களை வைக்கலாமா என்று கேட்டார்கள். ஒரே மதிப்புள்ள நாணயங்களின் எடை ஒன்றல்ல. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை ஒரு ரூபாய் 3.09 கிராம். ஆண்டைப் பார்க்காமல் நாணயத்தை எடைக்கல்லாக்கினால் தராசு தவறாகிவிடும்.

நாங்கள் தண்ணீரைப் பயன்படுத்தினோம். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம். கிளிப்பில் பாலித்தீன் பையைத் தொங்கவிட்டு, முள் நிற்கும் இடத்தில் 0 என்று குறித்தோம். சிரிஞ்சால் 5 மி.லி. விடும்போதெல்லாம் ஒரு கோடு. ஒரு குழுவின் பதிவு இது: 10 கிராமுக்கு 10 மி.மீ., 20 கிராமுக்கு 21 மி.மீ., 30 கிராமுக்கு 31 மி.மீ., 40 கிராமுக்கு 42 மி.மீ. வரைபடத்தாளில் குறித்தபோது ஏறத்தாழ நேர்க்கோடு வந்தது. 20 கிராம் கோட்டைச் சிவப்பு மையால் வரைந்தார்கள்.

பையை எடுத்ததும் முள் சற்று மேலே ஏறியது. பட்டையை நகர்த்தி 0ஐ முள்ளுக்கு நேரே கொண்டுவந்தோம். பிறகு 80 ஜி.எஸ்.எம். தாள்கள் நான்கைக் கிளிப்பில் மாட்டினோம். கணக்குப்படி 20 கிராம். முள் சிவப்புக் கோட்டில் நின்றபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

தராசு சொல்லாத பதில்

நான்காம் பாடவேளையில், மூன்று தாள்கள் வைத்த ஒரே உறையை ஐந்து குழுக்களும் நிறுத்தன. 19, 20, 20, 21, 19 என்று வந்தது. 21 என்று எழுதிய குழு அதை அழித்து 20 ஆக்கப் பார்த்தது. நான் தடுத்தேன். முதலில் முள்ளைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இடமாறு தோற்றப்பிழை இருக்கலாம். மறுபடி பார்த்தும் 21தான். அப்படியென்றால் அதுதான் அவர்கள் அளவு. அழிக்க வேண்டியதில்லை.

நம் தராசு ஒன்றிரண்டு கிராம் முன்பின் காட்டும் என்று தெரிந்தபின் என்ன செய்யலாம்? மாணவர்களே ஒரு விதி வகுத்தார்கள். 18 கிராமுக்குக் கீழ் என்றால் 5 ரூபாய். 22 கிராமுக்கு மேல் என்றால் 10 ரூபாய். இடையில் இருந்தால் தபால் நிலையத்தில் நிறுத்துக் கேட்க வேண்டும். என் கணிப்பில், இந்தச் செயல்பாட்டில் மாணவர்கள் கற்ற மிக முக்கியமான பாடம் இதுதான். தேர்வில் ஒரே சரியான விடையை எழுதிப் பழகிய பிள்ளைகள், தங்கள் கருவி எதுவரை நம்பத்தக்கது என்று சொல்லப் பழகினார்கள்.

ஒரு மாணவன் ஆர்வத்தில் 100 கிராம் சோப்புக் கட்டியைத் தொங்கவிட்டான். எடுத்தபின் முள் 3 மி.மீ. கீழேயே நின்றது. மீட்சி எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சோதனை தேவைப்படவில்லை. அன்று முதல் தராசின் மேல் "60 கிராமுக்கு மேல் தொங்கவிடாதே" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

ஆறாம் வகுப்பில் அளவீடுகள் அலகோடு இதைச் செய்யலாம். அங்கே கோடு குறிப்பதும் சுழிப்பிழையும் போதும். தொடக்கப் பள்ளியில், வில்லை ஆசிரியரே செய்து கொடுத்து, "20ஐ விடக் கூடுதலா, குறைவா" என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பில் நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்க்கலாம்: வில் உணர்வது விசையை, நாம் கிராமில் கோடு போட்டிருக்கிறோம். 20 கிராமின் எடை 0.196 நியூட்டன். நீட்சி 0.021 மீட்டர் என்றால் வில்மாறிலி மீட்டருக்கு ஏறத்தாழ 9.3 நியூட்டன்.

இந்தத் தராசால் எதையும் நிறுத்து விற்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். கடைத் தராசுக்கு 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை வேண்டும். மாணவர்கள் வீட்டருகே உள்ள கடைத் தராசில் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்து வரட்டும். பாடம் தொடங்குமுன் நடப்புக் கட்டணத்தைத் தபால் நிலையத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முன் மாணவர்கள் இரண்டாவது முறை கடிதம் எழுதினார்கள். இந்த முறை உறைகள் எல்லாம் தராசில் ஏறின. அந்த மாணவியின் உறை 24 கிராம் காட்டியது. ஒரு தாளை எடுத்துவிட்டால் 5 ரூபாயில் போய்விடுமே என்றேன். "வேணாம் டீச்சர், எல்லாமே அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டியது" என்று இன்னொரு தபால்தலையை ஒட்டினாள்.