ஒரு சொட்டு இரத்தமும் தங்கத் தகடும்

"ஒரு சொட்டு இரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடித்து விடுகிறார்களாமே, அந்தப் பரிசோதனைக்கு உதவுவீர்களா?" மருத்துவ உதவி கேட்டு வரும் சகோதரிகளில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். செய்தி முழுப் பொய்யல்ல. ஆனால் நாம் நினைக்கும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

நம் உடலின் செல்கள் நுண்ணிய சவ்வுப் பைகளை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. எக்சோசோம் என்பது அவற்றின் பெயர். குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியாது. 1980களில் செம்மறி ஆட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்தபோது கவனத்துக்கு வந்தவை இவை. செல் கழிக்கும் குப்பை என்றே நெடுநாள் கருதப்பட்டன. உண்மையில் ஒவ்வொரு பையும் தாய்ச் செல்லின் புரதங்களைச் சுமந்து வருகிறது. புற்றுநோய்ச் செல் விட்ட பையில் அதன் அடையாளமும் இருக்கும்.

அதைப் பிடிக்கத்தான் தங்கம். மிக மெல்லிய தங்கப் படலத்தில் ஒளி பாய்ச்சினால், குறிப்பிட்ட ஒரு நிறத்தில் அதன் எலக்ட்ரான்கள் ஒருசேர அதிரும். படலத்தின்மேல் எது ஒட்டினாலும் அந்த நிறம் சற்று விலகும். குறித்த புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியைத் தங்கத்தின்மேல் பூசிவிட்டால், விலகலை அளந்தே எவ்வளவு பைகள் சிக்கின என்று கணிக்கலாம். பைகளுக்குச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. (நகைக்கடைத் தங்கத்துக்கு இந்த வேலை தெரியாது!)

2014இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், தங்கப் படலத்தில் 200 நானோமீட்டர் துளைகளிட்டு, சினைப்பைப் புற்றுநோய்ப் பைகளை இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் நோயாளிகளிடம் எடுத்துச் சோதித்தது வயிற்றில் கோத்த நீரை, இரத்தத்தை அல்ல. நோயாளிகளும் சில பத்துப் பேர்தான். இரத்தத்தில் நல்ல செல்களின் பைகளும் அதே அளவிலான கொழுப்புத் துகள்களும் ஏராளம். அந்தக் கூட்டத்தில் நோயின் பையைத் தேடுவதுதான் பெரும் சிரமம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 இரத்தப் பரிசோதனை செய்தார்கள். நோய் முன்னதாகப் பிடிபட்டவர்கள் கூடினார்கள். சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் குறையவில்லை. 2021இல் வெளியான முடிவு இது.

ஆகவே விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று உப்பசம் என்று எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பயாப்சி தேவையா என்பதை அவர் சொல்வார். பரிசோதனைச் செலவுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்த மருத்துவரின் சீட்டையும் மனுவோடு இணைத்துத் தாருங்கள்.