வில்லுக்கு ஏற்ற அம்பு

அன்புள்ள தம்பி,

விஸ்கான்சினில் இந்த இலையுதிர்காலத்தில் மரவில்லோடு மான் வேட்டைக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே 1934-லேயே வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கிவிட்டார்கள். அனுமதி இருப்பதால் பொறுப்பு குறைந்துவிடாது. தோட்டாவைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்துத்தான் கொல்கிறது. நுரையீரலை ஊடுருவினால் மான் விரைவில் விழும். அரைச் சாண் பின்னால் தள்ளிக் குடலில் பட்டால் பல மணி நேரம் துடித்துச் சாகும், உன் கைக்கும் கிடைக்காது. அதனால்தான் குறிபார்க்கப் பழகும் முன்பே அம்பை வில்லுக்குப் பொருத்திக்கொள் என்கிறேன்.

காரணம் வில்லின் அமைப்பிலேயே இருக்கிறது. நாண் வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்போ பிடியின் பக்கவாட்டில் கிடக்கிறது. வளையாத இரும்புக் கம்பியை வைத்து எய்தால், வலக்கைக்காரனுக்கு அது இடப்பக்கம்தான் போகும். மரத்தண்டு அப்படிப் போகாததற்கு அது வளைவதே காரணம். விரல்களிலிருந்து வழுவும் நாண் அம்பின் வாலைச் சற்றே பக்கவாட்டில் தள்ளுகிறது. முன்னால் முனையின் கனம் அசைய மறுக்கிறது. இடையில் அகப்பட்ட தண்டு ஒருபுறம் வளைந்து, மறுபுறம் திரும்பி, பிடியில் உரசாமல் அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் எடுத்த அதிவேகப் படங்களில் இந்த வளைவு கண்ணுக்கே தெரிந்தது. வாலானது பிடியைக் கடக்கும் நொடியில் தண்டு சரியான பக்கம் வளைந்திருக்க வேண்டும். விறைப்பு கூடினால் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், குறைந்தால் வலப்பக்கம். இதை உன் கைத்திறன் மாற்றாது.

அந்த விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள். அவற்றின்மேல் தண்டைக் கிடத்தி நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடு. எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அதைக் கொண்டு 26-ஐ வகு. அரை அங்குலம் தாழ்ந்தால் விடை 52. ஏறக்குறைய அத்தனை பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு அது பொருந்தலாம். 'பொருந்தலாம்' என்று நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தண்டு நீண்டாலும் முனை கனத்தாலும் எய்யும்போது அது கூடுதலாக நெகிழும். பிடி அகலமான பழைய பாணி வில்லாக இருந்தால் இன்னும் நெகிழ்வான தண்டு வேண்டும். அளவு ஒரு தொடக்கம்தான். முடிவை வில்தான் சொல்லும்.

ஆதிகுடிகள் இந்தக் கணக்கெல்லாம் போட்டார்களா என்று நீ கேட்கலாம். கணக்கு போடவில்லை, பொருத்தம் பார்த்தார்கள். 1911-இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி அம்பு செய்த முறையை மருத்துவர் சாக்ஸ்டன் போப் எழுதிவைத்திருக்கிறார். ஹேசல் குச்சிகளை வெட்டி உலர்த்தி, நல்லவற்றைப் பொறுக்கி, கனலில் வாட்டி நிமிர்த்தி, ஒரே பருமனுக்குத் தேய்த்து ஐந்தைந்தாகச் செய்தார். அளவுகோல் செய்வதை அவர் விரல்கள் செய்தன. இறகுதான் அம்பை நேராக்கிவிடுமே என்பது அடுத்த கேள்வி. நேராக்கும், ஆனால் அதற்குத் தூரமும் வேகமும் செலவாகும். வேட்டையில் மான் நிற்பது பதினைந்து இருபது கஜத்தில். ஆட்டம் அடங்காமல் போய்ச் சாய்வாகத் தைக்கும் அம்பு ஆழமாக இறங்காது. போதாததற்கு வேட்டைமுனையின் அகன்ற அலகு முன்பக்கத்தில் காற்றைப் பிடித்து, இறகோடு மல்லுக்கு நிற்கும். பக்கவாட்டில் ஒதுங்கும் அளவைத் தெரிந்துகொண்டு குறியை மாற்றிவைத்தால் போதாதா என்றால், தூரம் மாறும்போது அந்த விலகலும் மாறும். காட்டில் தூரத்தை நீ தீர்மானிப்பதில்லை.

ஆகவே இறகு ஒட்டிய அம்புகள் மூன்று, அதே தண்டில் இறகில்லாதவை இரண்டு எடுத்துக்கொள். முனை எல்லாவற்றுக்கும் ஒரே எடை. பதினைந்து கஜத்தில் எய். முதலில் மேல்கீழைப் பார்: வெற்றுத்தண்டு தாழ்ந்து பட்டால் நாணில் அம்பு மாட்டும் இடம் உயரத்தில் இருக்கிறது, சற்று இறக்கு. பிறகு பக்கவாட்டைப் பார். வெற்றுத்தண்டு இறகம்புகளுக்கு இடப்பக்கம் பட்டால் விறைப்பு அதிகம். முனையின் கனத்தைக் கூட்டு. வலப்பக்கம் என்றால் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரி. வெட்டியதை ஒட்ட முடியாது, ஆதலால் நீளத் தண்டிலேயே தொடங்கு. இலக்கில் தண்டு சாய்ந்து நிற்பதை நம்பாதே; மிக விறைத்த அம்பின் வால் பிடியில் மோதித் திரும்பி, நெகிழ்வானது போல் ஏமாற்றும். பட்ட இடத்தை மட்டும் எடுத்துக்கொள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கடைசியில், அதே எடையுள்ள வேட்டைமுனையைப் பொருத்தி, பயிற்சிமுனையோடு மாற்றி மாற்றி எய்து பார். இரண்டும் ஒரே இடத்தில் சேராவிட்டால் வேலை முடியவில்லை. மரத்தண்டு ஈரத்தில் கோணும். பருவம் தொடங்கும் வாரத்தில் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, கோணியதை அம்பறாத்தூணியில் வைக்காதே.

அன்புடன்,
அண்ணன்