பெயரை நீக்கினால் மட்டும் போதாது: பள்ளி இதழ் நிருபர்களுக்கு

பள்ளி இதழுக்கு எழுதும் மாணவர்களிடம் "உண்மையை மட்டும் எழுது" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் அது பாதிதான். அவதூறு வழக்கு வந்தால் உண்மை பெரும்பாலும் கை கொடுக்கும். அடுத்தவரின் அந்தரங்கத்தை எழுதிவிட்டு "உண்மையைத்தானே எழுதினேன்" என்றால் சட்டம் அதை ஏற்காது.

இதைத் தெளிவாக்கிய வழக்கு தமிழ்நாட்டில் பிறந்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' இதழ் முனைந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி முதலியவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, எதுவானாலும் இதுதான் விதி. பொது ஆவணத்தில் உள்ளதையும், அரசு ஊழியர் தம் கடமையைச் செய்த விதத்தையும் எழுதத் தடையில்லை. வெளிவருமுன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள்.

ஆகவே முதல் வேலை, கையில் உள்ள செய்தி யாருடைய விஷயம் என்று பிரிப்பது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, சத்துணவு முட்டை கெட்டிருந்தது, ஆய்வகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது: இவை எல்லாருக்கும் உரியவை. துணிந்து எழுதுங்கள். அந்தரங்கம் என்ற பெயரில் இவற்றை மூடி மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏன் படிப்பை நிறுத்தினாள் என்பது அவளுடைய விஷயம். பள்ளியில் இடைநிற்றல் ஏன் நிகழ்கிறது என்று எழுதலாம். அவளைக் காட்டி எழுதக் கூடாது.

அடுத்தது சம்மதம். என்ன எழுதப்போகிறீர்கள், அச்சில் மட்டுமா, பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போகுமா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறார் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பேட்டி கொடுத்தவர் அச்சேறுமுன் மனம் மாறினால் விட்டுவிடுங்கள்.

சம்மதம் இருந்தாலும் எழுதக் கூடாதவை உண்டு. மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். குழந்தையின் நலனுக்கு என்று சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. குற்றத்தில் சிக்கிய சிறுவர், சாட்சியான சிறுவர் ஆகியோருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது.

பெயரை எடுத்துவிட்டோம், போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. "நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி, அப்பா லாரி ஓட்டுநர், தண்ணீர்த் தொட்டித் தெரு" என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தத் தெருக்காரர் படித்தால் யார் என்று ஊகிப்பாரா? ஊகிப்பார் என்றால் அந்த விவரம் வேண்டாம்.

இன்னொன்று. பேட்டியின் நடுவே ஒரு தோழி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லத் தொடங்கினால், அந்த நிமிடமே குறிப்பேட்டை மூடுங்கள். துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம்பிக்கையான ஆசிரியரிடமோ, 1098 குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவியுங்கள். இத்தகைய குற்றம் தெரிந்தவர் புகார் செய்தாக வேண்டும் என்பது சட்டம். புகார் செய்யத் தவறிய சிறாருக்குத் தண்டனை இல்லை என்றாலும், அந்தத் தோழிக்கு உதவி கிடைக்க நீங்கள் சொல்வதுதான் வழி.

படம் எடுப்பதில் ஆண்டு விழா மேடை, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் சிக்கல் குறைவு. உடை மாற்றும் அறை, கழிப்பறைப் பக்கம் கேமராவே போகக் கூடாது. சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படம்பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஈ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை கிடைக்கும். முகத்தை மங்கலாக்கினாலும் சீருடையும் பின்னணிப் பலகையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

தகவல் தந்தவரின் பெயரை மறைப்பதாகச் சொல்லுமுன்பும் யோசியுங்கள். நீதிமன்றம் கேட்டால் பெயரைச் சொல்ல மறுக்கும் முழு உரிமையை இந்தியாவில் எந்தச் சட்டமும் பத்திரிகையாளருக்குத் தரவில்லை. காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுங்கள்.

போக்சோ சட்டம் ஊடக வெளியீட்டாளரையும் உரிமையாளரையும் சேர்த்தே பொறுப்பாளியாக்குகிறது. எனவே ஐயம் உள்ள பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.