அடைக்கலப் பட்டணம்

நன்று இது, தீது இது என்று அறியாமையால் நாம் தவறுவது அரிது. அறிந்தும் வாளா இருத்தலே நமக்கு இயல்பாயிற்று. 'வேளை வரட்டும், கடவுள் வழி திறப்பார்' என்று கூறி, அத் தயக்கத்திற்கு விசுவாசம் என்னும் நற்பெயரையும் சூட்டிவிடுகின்றோம். வழி திறக்குமுன்னே கால் எடுத்து வைத்த சிலருடைய சரித்திரத்தை ஈண்டு நோக்குவோம்.

பிரான்சு தேசத்தின் தென்பகுதி மலைநாட்டில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், லெ ஷாம்போன் என்னும் சிற்றூர் உளது. அக்காலத்து அங்கு வாழ்ந்தோருட் பெரும்பாலார் சீர்திருத்தச் சபையார். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அச்சபையாரின் வழிபாட்டுரிமையை நீக்கியபின், இவர்தம் முன்னோர் மறைவிடங்களிற் கூடித் தொழுதனர். வேட்டையாடப்பட்டோர் வழிவந்தவர்க்கு வேட்டையாடப்படுவோரின் முகம் தெரியும் போலும்.

1940 ஜூன் 22-இல் பிரான்சு ஜெர்மனிக்குப் பணிந்து ஒப்பந்தம் செய்தது. மறுநாள் ஞாயிறு. நற்செய்திக்கு மாறான கட்டளையை ஆவியின் படைக்கலங்களால் எதிர்த்து நிற்றல் கிறிஸ்தவர் கடன் என்று அவ்வூர்ப் போதகர் ஆந்திரே த்ரோக்மே சபையார்க்கு உரைத்தார். உபாகமம் 19-ஆம் அதிகாரத்துக் கூறப்படும் அடைக்கலப் பட்டணம் அவர் உள்ளத்தே நின்றது. குற்றமற்றவன் இரத்தம் சிந்தப்படுமாயின், அப்பழி அவனைக் காவாத ஊரார்மேற் சுமரும் என்பதன்றோ அதன் கருத்து?

அவ்வாண்டின் குளிர்காலத்தில் ஜெர்மனியினின்று தப்பிவந்த யூதப் பெண்ணொருத்தி போதகர் மனையின் கதவைத் தட்டினாள். அவர் மனைவியார் மாக்தா அவளை உள்ளே அழைத்தார். பின்னர் வந்தோர் ஆயிரக்கணக்கினர். இதனை முன்னரே அறிந்திருப்பின் கதவு திறந்திருக்குமோ எனின், திறந்தேயிருக்கும் என்பது என் துணிபு.

மாணவராகிய நாம் ஊன்றி நோக்கத்தக்கது வேறொன்று. 1942 ஜூலையில் பாரிஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏறக்குறைய 13,000 யூதர் பிடிக்கப்பட்டனர். ஆகஸ்டில் விஷி அரசாங்கத்தின் இளைஞர் துறைத் தலைவர் லமிரான் இவ்வூருக்கு வந்தார். மாணவர் சிலர் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தனர். 'பாரிஸில் நிகழ்ந்ததை அறிவோம். எங்களிடையேயும் யூதர் உளர். நாங்கள் வேற்றுமை பாராட்டோம். அவரைப் பிடிக்கக் கட்டளை வரின், ஒளித்துவைக்க முயல்வோம்' என்பது அதன் பொருள். ஒளிக்கக் கருதுவோர் அதனை எழுதியும் கொடுப்பரோ என நம்மனோர் நகைப்பர். விவேகமன்றுதான். ஆனால் மறைவில் உதவிசெய்து வாய்மூடியிருந்தால், அரசாங்கம் செய்தது அநீதி என்பதை அதன் முகத்துக்கு நேரே சொல்வார் யார்? சில வாரங்களுக்குள் போலீசார் பஸ் வண்டிகளுடன் வந்து ஊரெங்கும் தேடினர். அகதிகளோ காடுகளிலும் பண்ணை வீடுகளிலும் மறைந்திருந்தனர். வந்த வண்டிகள் ஏறக்குறைய வெறுமையாகவே மீண்டன.

நிற்க. விசுவாசித்தோர் யாவரும் தப்பினர் என்று முடிக்கக் கூடுமாயின் பாடம் எளிதாயிருக்கும். அங்ஙனம் நிகழவில்லை. அடைக்கலம் என்னும் சொல்லின் கனம் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, அதனைக் காக்கமாட்டாத துயரால் எரியிற் புகுந்ததைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். 1943 ஜூன் 29-இல் ஜெர்மானியர் அவ்வூர் மாணவர் விடுதியொன்றைச் சூழ்ந்தனர். அதன் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே போதகரின் உறவினர். தப்பிச்செல்ல வழியிருந்தும் அவர் தம் மாணவரை விட்டகலவில்லை. அவர்களோடு பிடிபட்டு, 1944 ஏப்ரலில் போலந்து நாட்டு மாய்தானெக் முகாமில் இறந்தார். அவ்விடுதி மூடப்பட்டது. ஊரின் ஏனைக் கதவுகள் போர் நீங்கும்வரை திறந்தே இருந்தன.