திரும்பும்போது காரில் கேட்கும் "டொக்" சத்தம்

திருவிழாக் காலத்தில் ஆலய வாகனத் தரிப்பிடத்தில் தொண்டனாக நிற்பதில் ஒரு பயன் உண்டு. எம்மவரின் கார்கள் ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டித் திரும்பும்போது போடும் சத்தங்களை எல்லாம் காதாரக் கேட்கலாம். விசாரித்தால், "அது கனநாளாய் இருக்குது தம்பி, ஒண்டும் செய்யாது" என்பார்கள். சில சத்தங்கள் உண்மையாகவே ஒன்றும் செய்யாதவை. வேறு சில சில்லையே பறித்துவிடும். இவற்றைப் பிரித்தறிய மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நானே பழகிக்கொண்டேன்.

முதலில் காரின் பின்பெட்டியை வெறுமையாக்குங்கள். சிரிக்க வேண்டாம். அர்ச்சனைத் தேங்காய் ஒன்று ஸ்பெயார் சில்லின் பக்கத்தில் கிடந்து உருண்டதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அடுத்தது சில்லு நட்டுகள். பனிக்கால ரயர் மாற்றிய கையோடு சத்தம் தொடங்கினால் அன்றே பார்க்கவேண்டும். ரயர் மாற்றி ஏறத்தாழ 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மீண்டும் சரியான அளவுக்கு இறுக்குவது எப்போதும் நல்லது.

இனி, ஆளில்லாத ஒரு தரிப்பிடத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டி, மெதுவாக வேகங்கூட்டி வட்டம் போடுங்கள். "டக் டக் டக்" என்று, சில்லின் வேகத்தோடு சேர்ந்து விரைவாகும் சத்தம் கேட்டால் அது சி.வி. ஜொயின்ற். முன்சில்லுகள் இழுக்கும் கார்களில், சில்லு திரும்பியிருக்கும்போதும் எஞ்சினின் சுழற்சியைச் சீராகக் கொடுக்கும் மூட்டு இது. ஒரு கிண்ணத்துக்குள் ஆறு உருக்குக் குண்டுகள், சுற்றிக் கிறீஸ், அதை மூடி ஒரு றப்பர் உறை. ஊரில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் பின்சில்லால் தள்ளப்பட்டவை. அவற்றில் இந்த மூட்டே இல்லை. ஆகவே பெரியவர்களின் அனுபவம் இதற்கு உதவாது. இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க மூட்டுத்தான். சில்லின் உட்புறத்தில் கறுத்தக் கிறீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது. சத்தம் வருமுன் கண்டால் உறையும் புதுக் கிறீஸும் போதும். வந்தபின் அக்சிலோடு மாற்றவேண்டியதே.

கார் நிற்கையில் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதே "டொங்" என்றால், ஸ்ரறட்டின் மேல்தலையையோ ஸ்பிறிங்கையோ பாருங்கள். இங்கே வீதியில் கொட்டும் உப்பு ஸ்பிறிங்கை அரித்து முறித்துவிடும்.

ஒரேயொரு "டொக்", அதுவும் வீட்டு வாசலுக்குச் சரிவாக ஏறும்போது மட்டும் என்றால், பெரும்பாலும் ஸ்ரபிலைசர் லிங்க். என் காரில் 2017 இல் இதுதான் நடந்தது. ஒரு கராஜில் இரண்டு அக்சிலையும் மாற்ற 900 டொலர் கேட்டார்கள். உறைகள் கிழியாமல் இருந்தன. வட்டம் போட்டுப் பார்த்தேன், "டக் டக்" இல்லை. வேறொரு இடத்தில் 110 டொலருடன் முடிந்தது.

அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது. 2019 மாரியில் அதே "டொக்" மறுபக்கத்தில் கேட்டபோது, லிங்க்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, மூன்று கிழமை ஓடினேன். பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் அம்மாவைக் கோயிலுக்கும் அதே காரில்தான் ஏற்றித் திரிந்தேன். எண்ணெய் மாற்றப் போனபோது மெக்கானிக் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அசைந்தது. கீழ் போல் ஜொயின்ற் தேய்ந்து கழன்றுவிழும் நிலை. "இதோடயோ ஹைவேயில வந்தனீங்கள்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் குண்டு கிண்ணத்தைவிட்டு வெளியே வந்தால் சில்லு சரிந்து, கார் மூக்குக்குப்புற வீதியில் குந்திவிடும். அதன்பின் ஸ்ரியறிங் கையில் இருந்தும் பயனில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

சோதனை இதுதான். சமதரையில் ஜாக்கியால் உயர்த்தி, கட்டாயம் தாங்குகால் வைத்து, சில்லை மணிக்கூட்டின் 12 இலும் 6 இலும் பிடித்து ஆட்டுங்கள். அசைந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அசைவு நின்றால் அநேகமாகச் சில்லு பெயரிங். நிற்காவிட்டால் போல் ஜொயின்ற். 9 இலும் 3 இலும் மட்டும் அசைந்தால் ரை றொட். எதுவாயினும் அசைவு தெரிந்தால் ஓட்டாதீர்கள், கட்டியிழுத்துக்கொண்டு போங்கள். போல் ஜொயின்றோ ரை றொட்டோ மாற்றியபின் சில்லு நேர்ப்படுத்தலும் செய்யவேண்டும்.

ஒன்ராறியோவில் கராஜுக்குப் போகும்போது மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். இறுதிக் கணக்கு அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்பது 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கழற்றிய பழைய பாகத்தைத் தரும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். புதிய பாகத்துக்கும் பொருத்திய கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

ஞாயிறு மதியப் பூசை முடிந்தபின் நான் பின்பக்கத் தரிப்பிடத்தில்தான் நிற்பேன். வட்டம் போட்டுப் பார்க்க விரும்புவோர் காரைக் கொண்டுவரலாம். தேங்காய்களை இறக்கிவிட்டு வாருங்கள்.